மாடித்தோட்டத்துல லில்லி, அரளி இருந்தா பூனைக்கு என்ன ஆகும்?

"ஏற்காடு மலர் கண்காட்சிக்குப் போனப்ப லில்லித் தொட்டி ஒண்ணு வாங்கிட்டு வந்துட்டோம், மாடியில ரோஜா, மல்லி, அரளி எல்லாம் இருக்கு, பூனை அங்கதான் படுத்துக் கிடக்கும், ஒண்ணும் ஆகிடாதுல்ல?"ன்னு அம்மாபேட்டையிலிருந்து ஒருத்தங்க கேட்டிருக்காங்க.

ரோஜா, மல்லி, கோழிக்கொண்டை பிரச்சனையே இல்ல. செவ்வந்தியைக் கடிச்சா வாந்தி பேதி வரலாம். மத்த ரெண்டும்தான் ஆபத்து.

அரளியைப் பத்தி சேலத்துக்காரங்களுக்குச் சொல்லணுமா, பனமரத்துப்பட்டி பக்கம் தோட்டம் தோட்டமா நிக்குது. அதோட விஷம் ஒலியாண்ட்ரின். நம்ம செல்லுல சோடியம்-பொட்டாசியம் பம்ப் இருக்குன்னு பிளஸ் டூல படிச்சிருப்பீங்க, மூணு சோடியத்தை வெளிய தள்ளி ரெண்டு பொட்டாசியத்தை உள்ள இழுக்கும். ஒலியாண்ட்ரின் வெளியிலிருந்து வந்து அது மேல ஒட்டிக்கிட்டு வேலை செய்யவிடாது. சோடியம் உள்ள சேரும், சேர்ந்தா என்னங்கிறீங்களா, இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச சமாச்சாரம் வருது. இதயத் தசையில கால்சியத்தை வெளியேத்த இன்னொரு புரதம் இருக்கு, அதுக்குன்னு தனி எரிபொருள் கிடையாது, மேட்டூர்ல தேங்கின தண்ணி விழுற வேகத்துல டர்பைன் சுத்துற மாதிரி, வெளிய குவிஞ்ச சோடியம் உள்ள பாயுற வேகத்துலதான் அது கால்சியத்தைத் தள்ளுது. பம்ப் நின்னா வெளியயும் உள்ளயும் சோடியம் ஒரே மட்டத்துக்கு வர ஆரம்பிக்கும், பாய்ச்சல் குறையும், கால்சியம் உள்ளயே தங்கும். தசையைச் சுருங்க வைக்கிறதே கால்சியம்தான், அதனால முதல்ல இதயம் பலமா சுருங்கும், அப்புறம் தாளம் தப்பும், ரொம்பப் போனா நின்னுடும். டிஜாக்சின் மாத்திரை இதே வேலையைத்தான் அளவா செஞ்சு இதய நோயாளிக்கு உதவுது. பூனை, ஆடு, மனுஷன், அரளிக்கு எல்லாரும் ஒண்ணுதான்.

லில்லி அப்படி இல்ல, நாய் தின்னா வயித்துக் கோளாறோட போயிடும், பூனைக்குக் கிட்னியே போயிடும். திங்கக்கூட வேணாம், ரோமத்துல ஒட்டின மகரந்தத்தை நக்கினாப் போதும், பூ வச்ச ஜாடித் தண்ணியைக் குடிச்சாலும் போதும். எந்த மூலக்கூறு இதைச் செய்யுதுன்னு இன்னும் யாரும் பிடிக்கல! பூனை கிட்னி ஆராய்ச்சிக்கெல்லாம் யாரு பணம் குடுப்பாங்கன்னு கேப்பீங்க, ஆனா மேல சொன்ன அந்த சோடியம்-பொட்டாசியம் பம்பை 1957ல ஜென்ஸ் ஸ்கூ கண்டுபிடிச்சது நண்டு நரம்புல, 1997ல அதுக்கு நோபல் பரிசே குடுத்தாங்க. நண்டு நரம்புக்கு ஒரு காலத்துல காசு கிடைச்சிருக்கில்ல.

"எது ஆகாதுன்னு பூனைக்கே தெரியும்"னு ஒரு பேச்சு இருக்கு, அது சுத்தப் பொய். வாந்தி எடுத்தா கண்ணு பட்டுடுச்சுன்னு சுத்திப் போடுறது அதைவிட மோசம், ஏன்னா லில்லி விஷத்துல முதல் வாந்தி நின்னு பூனை கொஞ்சம் தேறின மாதிரி தெரியும், ஒண்ணு ரெண்டு நாள்ல கிட்னி படுத்துடும். 18 மணி நேரத்துக்குள்ள டாக்டர்கிட்ட டிரிப் ஏத்தினா பிழைக்க நல்ல வாய்ப்பு. உப்புத் தண்ணி குடுத்து நீங்களே வாந்தி எடுக்க வைக்காதீங்க, அதுவும் பூனைக்கு ஆபத்து.

அதனால லில்லித் தொட்டியை இன்னைக்கே பூனை இல்லாத வீட்டுக்குக் குடுத்துடுங்க, அரளியை மாடியிலிருந்து எடுத்துடுங்க. அடுத்த தடவை ஏற்காடு போனா ஆர்க்கிட் வாங்கிட்டு வாங்க, அதைப் பூனை கடிச்சா நஷ்டம் உங்களுக்குத்தான்.