பிணைப்பு: பாசத்துக்கு இன்னொரு பெயரா?

உறவுகளின் உளவியலைப் படிக்கத் தொடங்குகிறவர்கள் முதலிலேயே சந்திக்கும் சொல் ‘அட்டாச்மென்ட்’. பலர் இதைப் ‘பாசம்’ என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். அது போதாது.

இந்த ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் வேரில் இருப்பது நட்ட முளை, கட்டை என்ற பொருள். நம்முடைய ‘பாசம்’ வடமொழியிலிருந்து வந்தது. கயிறு, சுருக்கு என்று பொருள். பதி, பசு, பாசம் என்று சைவ சித்தாந்தம் சொல்லும்போது அது உயிரைக் கட்டும் தளை. ஆக, இரண்டு சொல்லுமே கட்டிவைப்பதைத்தான் சொல்கின்றன.

உளவியல் சொல்வது வேறு. பிரித்தானிய உளமருத்துவர் ஜோன் பௌல்பி 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக, வீடிழந்த பிள்ளைகளைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். பிறகு அவர் வளர்த்தெடுத்த கருத்து இது: பயம், நோய், களைப்பு வரும்போது பிள்ளை குறிப்பிட்ட ஓர் ஆளைத் தேடிப் போகும். அந்தத் தேடலும் அதனால் கிடைக்கும் ஆறுதலும்தான் அட்டாச்மென்ட், தமிழில் ‘பிணைப்பு’. உளவியலாளர் மேரி எயின்ஸ்வர்த் 1950களில் உகண்டாவில் குழந்தைகளைப் பார்த்தபோது, தாய் பக்கத்தில் இருக்கும் தைரியத்தில் அவை தவழ்ந்து தூரம் போய்வருவதைக் கவனித்தார். நல்ல பிணைப்பு பிள்ளையைக் கட்டிவைக்காது, வெளியே போகவிடும்.

இலங்கையின் வடக்கே, வன்னியில் இதைச் சரியாக விளங்கிக்கொள்வது முக்கியம். போருக்குப் பிறகு அம்மம்மாவிடமும் பெரியம்மாவிடமும் வளர்ந்த பிள்ளைகள் இங்கே நிறையப் பேர். “பெத்த தாய் இல்லாத பிள்ளை” என்று ஊர் இரங்கும். ஆனால் பிணைப்புக்கு இரத்த உறவு நிபந்தனை இல்லை. அழும்போது தூக்குகிற, கூப்பிட்டால் வருகிற ஒருவர் நாளாந்தம் இருக்கவேண்டும், அவ்வளவுதான். “அவனுக்கு அம்மம்மாவிலை சரியான வாரப்பாடு” என்கிறோமே, அந்த வாரப்பாடு அருமையான சொல். ஆனால் அது அன்பைச் சொல்கிறது, அடைக்கலம் தேடுவதைச் சொல்லவில்லை. அதனால் பாடத்தில் ‘பிணைப்பு’ என்றே எழுதுவோம்.

இன்னொன்றையும் மாணவர்கள் கவனிக்கவேண்டும். முன்பள்ளியில் விட்டுப்போகும்போது அழாத பிள்ளையை “குழப்படி இல்லாதவன்” என்று உடனே மெச்சிவிடுகிறோம். தாய் பிரிந்துபோகும்போது அழாமல், திரும்பி வந்தாலும் முகம் கொடுக்காமல் இருக்கும் குழந்தைகளின் இதயத் துடிப்பை 1970களில் அளந்து பார்த்தார்கள். வெளியே அமைதி, உள்ளே துடிப்பு கூடியிருந்தது. இதை ‘விலகும் பிணைப்பு’ என்கிறோம். அழாத எல்லாப் பிள்ளையும் இப்படி என்றில்லை. பிரிவை மட்டும் பார்க்காமல், கூட்டிப்போக ஆள் வரும்போது பிள்ளை என்ன செய்கிறது என்றும் பாருங்கள்.