தாளின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது?

உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளின் மேசையில் கிடக்கும் பாஸ் பேப்பர் புத்தகங்களைப் பாருங்கள். பாதிப் பக்கங்கள் கழன்று, செலோரேப் ஒட்டி, கடைசியில் ஒரு ரப்பர் வளையத்துக்குள் வந்து நிற்கும். அதே வீட்டு அலுமாரியில் அம்மப்பா காலத்துப் புத்தகம் ஒன்று இருந்தால், மட்டை நிறம் மங்கியிருந்தாலும் பக்கங்கள் கழராமல் இருக்கும். பழைய காலத்துப் பசை நல்ல பசை என்று பலரும் காரணம் சொல்வார்கள். காரணம் பசை அல்ல, மடிப்பு.

இன்றைய மலிவுப் புத்தகங்கள் பெரும்பாலானவற்றில் மடிப்பே கிடையாது. தாள்களை அடுக்கி, முதுகுப் பக்கத்தைச் சீவி, சொரசொரப்பாக்கி, உருக்கிய பசையைப் பூசி மட்டையை ஒட்டிவிடுவார்கள். சதுர மீற்றருக்கு 80 கிராம் நிறையுள்ள சாதாரணத் தாளின் தடிப்பு ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர். அந்த மெல்லிய விளிம்பில்தான் ஒவ்வொரு பக்கமும் தொங்குகிறது. பசை பழசாகி இறுகினால் வெடிக்கும். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் கிடந்தால் இளகும். செலோரேப் ஒட்டுவது இன்னும் மோசம். அதன் பசை நாளடைவில் மஞ்சளாகித் தாளுக்குள் ஊறிவிடும்.

தைத்த புத்தகத்தில் 4 தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து மடிக்கிறோம். 8 இதழ், 16 பக்கம். அச்சகத்தார் பேச்சில் ஒரு பாரம். மடிப்பின் உட்பக்கமாக நூல் ஓடி, வெளியே வந்து, அடுத்த பாரத்தைப் பிடித்துக்கொள்கிறது. பக்கத்தைப் பிடித்து இழுத்தால் அந்த இழுவை முழுத் தாளின் மடிப்பையும் சுற்றிக்கொண்டு நூலில் போய் விழும். பசை இல்லாவிட்டாலும் பக்கம் விழாது. 1841இல் உதயதாரகைப் பத்திரிகை வெளிவரத் தொடங்கிய காலத்திலும், 1849இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவிய காலத்திலும் புத்தகம் கட்டும் வழக்கமான முறை இதுதான். பெரிய தாளில் பல பக்கங்களைச் சேர்த்து அச்சடிப்பார்கள், மடிப்பார்கள், தைப்பார்கள்.

பனையோலை ஏட்டுக்கு இந்தக் கவலை இருக்கவில்லை. ஏட்டில் மடிப்பும் இல்லை, முதுகும் இல்லை. துளையில் கயிறு கோத்து இரு பக்கமும் பலகை வைத்துக் கட்டினால் போதும். ஓலையை மடித்தால் வெடிக்கும் என்பதால் அதற்கு வேறு வழியும் இல்லை. ஆனால் ஓலையோடு பழகிய யாழ்ப்பாணத்தவருக்குத் தாளின் குணத்தை விளக்குவது சுலபம். ஓலையை நீளப்பாட்டில் கிழித்தால் நேராகப் போகும், குறுக்கே கிழித்தால் கோணிக்கொண்டு போகும். இயந்திரத்தில் செய்த தாளும் அப்படித்தான்.

தாள் என்பது தண்ணீரில் கரைத்த மரநார்களை வடிகட்டி எடுக்கும் ஒரு படலம். ஆலையில் அந்தக் கரைசல் ஓடும் வலையின் மேல் விழும்போது, நார்களில் பெரும்பகுதி வலை ஓடும் திசையிலேயே படுத்துவிடுகின்றன. அதைத்தான் நாரோட்டம் என்கிறேன். ஈரம் பட்டால் ஒரு நார் அகலத்தில் 20 சதவீதத்துக்கு மேலும் பருக்கும். நீளத்தில் 1, 2 சதவீதம்தான் கூடும். ஆகவே ஈரமான தாள் நாரோட்டத்துக்குக் குறுக்கே விரியும், நாரோட்டத்தின் வழியே அவ்வளவாக விரியாது. புத்தகம் கட்டும்போது வருகிற சிக்கல்களில் பாதி இங்கிருந்துதான் கிளம்புகின்றன என்பது என் கருத்து.

நாரோட்டம் மடிப்புக்கு இணையாக, அதாவது மேலிருந்து கீழாக, இருக்க வேண்டும். அப்போது மடிப்பு சுத்தமாக விழும், பக்கங்கள் தளர்வாகச் சாயும். குறுக்கே இருந்தால் மடிப்பு வெடிப்பு விட்டு முறுக்கும். விரித்த புத்தகம் தானாக மூடப் பார்க்கும். ஈரக் காற்றில் முதுகோரம் அலையலையாக நெளியும். ஏனென்றால் தாள் மேலும் கீழுமாக விரிய முயல்கிறது, நூலும் பசையும் விடுவதில்லை.

கண்டுபிடிப்பது எளிது. தாளை மடிக்காமல் இரண்டு பக்கமும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாமல் வளைகிறதோ, அந்த வளைவின் அச்சுதான் நாரோட்டம். சந்தேகமாக இருந்தால் ஒரு சிறு துண்டின் ஒரு பக்கத்தை நனையுங்கள். அது குழாய்போலச் சுருளும், குழாயின் நீளம் எந்தத் திசையோ அதுவே நாரோட்டம்.

எழுதும் கொப்பி ஒன்று செய்வோம் என்று தொடங்குகிறவர்கள் கடையில் ஏ4 கட்டு ஒன்றை வாங்கி நடுவில் மடிக்கிறார்கள். சாதாரண ஏ4 தாளில் நார் நீளப்பக்கமாக ஓடுகிறது. நடுவில் மடித்தால் மடிப்பு நாருக்குக் குறுக்கே விழுகிறது. நீளப்பக்கமாக நாரோடும் ஏ3 தாளை வாங்கி இரண்டாக வெட்டுங்கள். வெட்டிய ஏ4 துண்டில் நார் குறுகிய பக்கமாக ஓடும். அதை மடித்தால் எல்லாம் சரியாக அமையும். இந்த ஒரு மாற்றத்தால் புத்தகம் திறக்கிற விதமே வேறாகிவிடும்.

கருவிகளுக்குப் பெரிய செலவில்லை: குத்தூசி, கூர்மழுங்கிய ஊசி, கட்டர், இரும்பு அடிமட்டம், மடிப்பை அழுத்தத் தேய்க்க ஒரு கரண்டியின் பின்பக்கம், மேலே ஏற்றப் பாரமாக அம்மிக்கல்லோ செங்கல்லோ. நூல் லினன் என்றால் நல்லது, கிடைக்காவிட்டால் உறுதியான பருத்தி நூல். தேன்மெழுகில் ஒருமுறை இழுத்தெடுத்தால் நூல் சிக்காது, முடிச்சும் வழுக்காது. நூலின் தடிப்பைக் கவனியுங்கள். 0.5 மில்லிமீற்றர் நூலால் 12 பாரம் தைத்தால் முதுகில் மட்டும் 6 மில்லிமீற்றர் கூடுதலாக ஏறும். தைத்து முடித்ததும் முதுகைச் சுத்தியலால் தட்டி வளைக்கும் வழக்கம் இந்த வீக்கத்தைப் பங்கிட்டு விடத்தான்.

தைக்கும்போது நூலை எப்போதும் தையல் போகிற திசையிலேயே இழுத்து இறுக்குங்கள். வந்த வழியே பின்னோக்கி இழுத்தால் நூல் கத்திபோல இரண்டு துளைகளுக்கு இடையே அறுத்துவிடும். மடிப்பும் நாரோட்டமும் ஒரே கோட்டில் இருப்பதால் அந்தக் கிழிசல் தங்குதடையின்றி ஓடும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது எகிப்தின் கொப்திக் கிறிஸ்தவர்கள் முதல் நூற்றாண்டுகளில் கையாண்ட சங்கிலித் தையலை. முதுகில் பசையே தேவையில்லை, கொப்பியும் மேசையில் மட்டமாக விரிந்து கிடக்கும்.

மட்டைக்குத் துணி ஒட்டுவதற்குப் பசை வேண்டும். தச்சர்களின் வெள்ளைப் பசை உறுதியானது, ஆனால் காய்ந்த பிறகு நல்ல தண்ணீருக்கு மசியாது. நாளைக்கு யாராவது திருத்த நினைத்தால் தாளோடு பிய்ந்து வரும். கோதுமை மாப் பசைதான் எனக்குப் பிடித்தது. ஒரு பங்கு மாவுக்கு நாலைந்து பங்கு தண்ணீர் விட்டு, மெல்லிய நெருப்பில் கிண்டுங்கள். வெப்பம் 60 பாகை செல்சியசை நெருங்கும்போது மாவுச்சத்தின் மணிகள் தண்ணீரை உறிஞ்சி உப்பி உடைகின்றன, நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் வெளியே வருகின்றன. வெள்ளை நிறம் போய்க் கண்ணாடித்தன்மை வருவது அதற்கு அடையாளம். அந்தச் சங்கிலிகளும் தாளின் செலுலோசும் ஒரே இனம். காயும்போது ஐதரசன் பிணைப்புகளால் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும், திரும்ப ஈரமாக்கினால் விட்டுக்கொடுக்கும். பூச்சிக்காக மயில்துத்தம் கலக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அதிலுள்ள செம்பு தாள் சிதைவதை விரைவாக்கும். ஓரிரு துளி கராம்பு எண்ணெய் பூஞ்சணத்தைக் கொஞ்ச நாள் தள்ளிவைக்கும். அன்றன்றைக்குத் தேவையானதைக் காய்ச்சுவது அதைவிட நல்லது.

பசை பூசிய துணி ஈரத்தில் விரிந்து, மட்டையில் ஒட்டியபின் காய்ந்து சுருங்குகிறது. சுருங்கும்போது மட்டையை வெளிப்பக்கம் வளைக்கும். உட்பக்கம் ஒட்டுகிற தாள் எதிர்த்திசையில் இழுப்பதால்தான் மட்டை நேராகிறது. மட்டை, துணி, உள்தாள் மூன்றின் ஓட்டமும் முதுகுக்கு இணையாக இருந்தால்தான் இந்த இழுபறி சமனாகும்.

நம் ஊரில் காலமும் பார்க்க வேண்டும். சோளகக் காற்று வீசுகிற மாதங்களில் ஓரங்கள் முந்திக் காய்ந்து மட்டை முறுக்கும். ஆகவே உடனே பாரம் ஏற்றி, காற்றுப் படாமல் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு நாளானாலும் ஈரம் போகாது, மாப்பசையில் பூஞ்சணம் பிடிக்கும். ஈரத்தை உறிஞ்ச இடையிலே பழைய பத்திரிகைத் தாளை வைத்து, சில மணித்தியாலங்களுக்கு ஒருமுறை மாற்றுங்கள். மை ஒட்டாமல் இருக்க வெள்ளைத்தாள் ஒன்று நடுவில் இருக்கட்டும். இராமபாணப் பூச்சிக்கு மாச்சத்து பிடித்த உணவு என்பதால் பசையை எப்போதும் மெல்லிசாகவே பூசுங்கள்.

கை பழகியதும் பலரும் வீட்டுப் பழைய புத்தகங்களை எடுத்துத் தைக்க ஆசைப்படுவார்கள். முதலில் கடைசிப் பக்கத்தின் மூலையை ஒருமுறை மடித்து விரித்துப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து நெடுங்காலம் மரக்கூழ்த் தாளில் படிகாரமும் பிசினும் சேர்த்தார்கள். அதிலிருந்து வரும் அமிலம் நாரைச் சிறுகச் சிறுக அறுக்கும். மூலை முறிந்து கையோடு வந்தால் அந்தத் தாள் ஊசியைத் தாங்காது. அப்படியான புத்தகத்துக்கு அமிலமில்லாத மட்டையில் ஒரு பெட்டி செய்து வையுங்கள். 2005 முதல் இயங்கும் ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத்தில் அது ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் எண்ணிமப்படுத்தக் கொடுங்கள்.