பழைய பாரோமீட்டரை வரைய உட்காரும் முன்

ஆயில் பெயிண்டிங் கற்றுக்கொடுப்பது என் தொழில். ஸ்டில் லைஃப் என்றால் பழத்தட்டு, பூச்சாடி என்றிருந்தவர்கள் இப்போது பழைய பித்தளை மைக்ராஸ்கோப், காற்றழுத்தம் அளக்கும் பாரோமீட்டர், திசைகாட்டி, பாடம் செய்த பறவை என்று தேடிப்பிடித்துக் கொண்டுவருகிறார்கள். வரைய அருமையான பொருட்கள்தான். ஆனால் சிலவற்றை விசாரிக்காமல் மேசையில் வைக்கக் கூடாது.

நீளமான மரச்சட்ட பாரோமீட்டருக்குள் சுமார் 76 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பாதரசம் நிற்கும். மேலே வெற்றிடம். சட்டென்று சாய்த்தால் பாதரசம் வேகமாக ஏறி உச்சிக் கண்ணாடியில் மோதும், குழாய் உடைந்துவிடும். அதனால் சுவரில் மாட்டியபடியே வரையுங்கள். சிந்திவிட்டால் துடைப்பமும் வாக்குவம் கிளீனரும் வேண்டாம். துளிகள் இன்னும் சிதறி ஆவியாகும். அந்த நச்சு ஆவிக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ஃபேனை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். தங்க மோதிரம், வளையலைக் கழற்றிவிடுங்கள், பாதரசம் தங்கத்தில் ஏறிக்கொள்ளும். அப்புறம் கையுறை போட்டு, கெட்டி அட்டையால் துளிகளைச் சேர்த்து பாட்டிலில் அடைத்து இறுக மூடுங்கள். சிங்க்கில் கொட்டவே கூடாது.

எனக்கு இதைவிடக் கவலை தருவது கதிர்வீச்சை வெளியிடும் உலோகமான ரேடியம். இருட்டில் ஒளிர்வதற்காக 1960கள் வரைகூட சில கடிகாரங்கள், திசைகாட்டிகள், விமானக் கருவிகளின் எண்களில் ரேடியம் கலந்த பெயின்ட் பூசினார்கள். இப்போது ஒளிரவில்லையே என்று தைரியமாக இருக்காதீர்கள். சோர்ந்துபோனது அதில் ஒளிர்வதற்காகக் கலந்த துத்தநாக சல்ஃபைடுதான். ரேடியம்-226 பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள் ஆகும். எண்கள் பழுப்பேறி உதிர்வது போலிருந்தால் சந்தேகப்படுங்கள். நன்றாகத் தெரியட்டும் என்று மேல்கண்ணாடியைக் கழற்றாதீர்கள். அந்தத் தூள் மூச்சிலோ வாயிலோ போவதுதான் பெரிய ஆபத்து.

1920களில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் இந்த எண்களை எழுதிய இளம்பெண்கள் பிரஷ் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கினார்கள். வேலையில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். தாடை எலும்பு அழுகி, பலர் உயிரையே விட்டார்கள். அதே பழக்கம் இன்றும் நம் வகுப்புகளில் இருக்கிறது, பார்க்கும்போதெல்லாம் பதறுகிறது. ரேடியம் இல்லை, சரி. ஆனால் லெட் ஒயிட்டில் ஈயம், அசல் வெர்மிலியனில் பாதரசம், கேட்மியம் மஞ்சளில் கேட்மியம் இருக்கிறதே. துணியில் உருட்டினாலே நுனி கூராகும்.

பழைய பாடம் செய்த பறவைகளின் தோலுக்கு உள்பக்கம் ஆர்செனிக் என்ற விஷம் கலந்த சோப்பு பூசியிருப்பார்கள். இறகைத் தடவ வேண்டாம், தூசி தட்ட வேண்டாம். கண்ணாடிப் பெட்டியோடு இருந்தால் பெட்டியோடே வரையுங்கள்.

பாரோமீட்டர்தான் வேண்டும் என்பவர்கள் அனிராய்டு வகையைக் கேளுங்கள். அதில் பாதரசம் இல்லை, காற்று நீக்கிய சின்ன உலோக டப்பாதான் வேலை செய்கிறது. ஆனால் வட்ட முகப்பைப் பார்த்ததும் அனிராய்டு என்று நம்பிவிடாதீர்கள். பேஞ்சோ வாத்தியம் போல நீண்ட கழுத்துள்ள பழைய வகைகளில் முகப்பு வட்டமாக இருந்தாலும் பின்னால் பாதரசக் குழாய் இருக்கலாம். பின்மூடியைக் கடைக்காரரையே திறந்து காட்டச் சொல்லிவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.