காலையில் வழி மறக்கும் வன்தட்டு

பூரணை இரவில் மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்பார்கள். பாடுவது மீனா, ஊரி என்ற நீர்நத்தையா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் துடுப்பு என்ன செய்கிறது என்பதில் சந்தேகம் இல்லை. தண்ணீருக்குள் உண்டாகும் ஒலியில் மிகச் சிறு பங்குதான் காற்றுக்குள் ஏறும். மீதி நீர்மட்டத்தில் பட்டுத் திரும்பிவிடும். மரம் அந்த அதிர்வை நேரே காதுக்குக் கொண்டுவருகிறது.

புளியந்தீவில் மாமா வீட்டு மேசையில் நான் செய்ததும் அதே வேலைதான். துடுப்புக்குப் பதில் நீளமான ஸ்குரூ டிரைவர். நுனியைப் பழைய கணினியின் வன்தட்டு (ஹார்ட் டிஸ்க்) மூடியில் வைத்து, கைபிடியைக் காதின் பின் எலும்பில் அழுத்திக் கேட்டேன். உள்ளே மெல்லிய உறுமல் மட்டும். எதுவும் சுற்றவில்லை.

"உயிர் இரிக்கா மருமகன்?" என்றார் மாமா.

மில் கணக்குக்காக 1988இல் வாங்கிய கணினி அது. ஐபிஎம் கம்பனியின் எக்ஸ்டி கணினியைப் பார்த்து வேறு கம்பனி செய்த குளோன். 8088 செயலி, 640 கிலோபைட் நினைவகம், 20 மெகாபைட் வன்தட்டு. 1990 ஜூனில் மறுபடி சண்டை தொடங்கியபோது சாக்கில் சுற்றிப் பரணில் ஏற்றியவர்கள், பிறகு இறக்கவே இல்லை. வாவிக்கரை ஈரக்காற்றில் முப்பது வருடத்துக்கு மேல் கிடந்த இயந்திரத்துக்கு உடனே கரண்ட் கொடுப்பது மடத்தனம். முதலில் மின்வழங்கியைத் தனியாகக் கழற்றி, 230 வோல்ட் ஆளி சரியான பக்கம் இருக்கிறதா என்று பார்த்து, ஒரு பழைய கார் பல்பைச் சுமையாகக் கொடுத்து, 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் ஒழுங்காக வருகின்றனவா என்று மல்ட்டிமீட்டரில் அளந்தேன். பழைய சர்க்கிட் அட்டைகளில் 12 வோல்ட் வழியில் இருக்கும் டான்டலம் கொள்ளளவிகள் (கப்பாசிட்டர்கள்) ஷோர்ட் ஆவது வழக்கம். அப்படியானால் மின்வழங்கி ஒரு 'டிக்' சத்தத்தோடு படுத்துவிடும். இங்கும் ஒன்று போயிருந்தது. மாற்றினேன்.

சரி, ஏன் சுற்றவில்லை? அந்தக் கால வன்தட்டில், நின்றிருக்கும்போது வாசிப்புத் தலைகள் தட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும். சுற்றத் தொடங்கினால்தான் தட்டோடு சேர்ந்து ஓடும் காற்று தலையை ஒரு மைக்ரோனுக்கும் குறைவான உயரத்துக்குத் தூக்கும். தட்டும் தலையும் கண்ணாடி போல வழவழப்பானவை. இடையில் பூசிய எண்ணெய்ப் படலமும் ஈரமும் சேர்ந்தால், நனைந்த இரண்டு கண்ணாடித் தகடுகள் போல ஒட்டிக்கொள்ளும். மோட்டாருக்கு அதைப் பிய்க்கும் வலு இல்லை. "ரேடியோவுக்குத் தட்டுற மாதிரி ஒரு தட்டுத் தட்டன்" என்றார் மாமா. தட்டக் கூடாது; தலை குதித்துத் தட்டைக் கீறிவிடும். கரண்டை நிறுத்தி, பெட்டியை இரு கையாலும் கிடையாகப் பிடித்து, தட்டு சுற்றும் அதே அச்சில் மணிக்கட்டால் சட்டென்று ஒரு திருப்பு. மூன்றாவது திருப்பில் விட்டது. மறுபடி கரண்ட் கொடுத்ததும் கீழ்ச்சுருதியில் தொடங்கி மெல்ல ஏறி, நிமிடத்துக்கு 3,600 சுற்றில் நிலையாக நின்றது.

ஆனால் திரையில் 1701. எக்ஸ்டி வகையில் இது வன்தட்டுப் பிழைக்கான எண். அதில் அரை நாள் போனது, முழுக்க என் பிழையால். இந்த வன்தட்டுக்கு இரண்டு ரிபன் கேபிள்: கட்டளைக்கு 34 கம்பி, தரவுக்கு 20 கம்பி. பிளொப்பி டிஸ்க் ஓட்டிக்கும் 34 கம்பிக் கேபிள்தான், பார்வைக்கு வித்தியாசமே இல்லை. இரண்டிலும் நடுவில் சில கம்பிகளை முறுக்கி விட்டிருப்பார்கள். பிளொப்பியில் முறுக்கு 10 முதல் 16 வரை, வன்தட்டில் 25 முதல் 29 வரை. நான் மாட்டியிருந்தது பிளொப்பியின் கேபிள். மாற்றியதும் 1701 போய்விட்டது.

போனதே தவிர, மறுநாள் காலையில் வேறு கூத்து. டொஸ் இயங்குதளம் பாதி ஏறி, 'செக்டர் நொட் ஃபவுண்ட்' (தட்டில் அந்தத் தரவுத் துண்டைக் காணவில்லை) என்று நின்றது. கீழே 'அபோர்ட், ரீட்ரை, ஃபெயில்?' என்ற கேள்வி. ரீட்ரைக்குரிய எழுத்தை ஏழெட்டு முறை அழுத்தினால் ஒரு அடி நகரும். பதினொரு மணிக்கெல்லாம் அதே தட்டு அதே கோப்பைத் தடங்கலில்லாமல் வாசித்தது. அடுத்த நாள் காலையிலும் அதே கதை.

ஏன் என்று புரிய, தலை தன் இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று பார்க்க வேண்டும். அக்காலத்தில் பரவலாக விற்ற சீகேட் எஸ்டி-225ஐயே கணக்குக்கு எடுப்போம். ஒவ்வொரு பரப்பிலும் 615 வட்டத் தடங்கள், நான்கு தலைகள், தடத்துக்கு 17 செக்டர், செக்டருக்கு 512 பைட். பெருக்கினால் 2,14,11,840 பைட். இதுதான் '20 மெகாபைட்'. பக்கத்துப் பக்கத்துத் தடங்களுக்கு இடையே ஏறத்தாழ 43 மைக்ரோன், ஒரு தலைமயிரின் தடிப்புக்கும் குறைவு.

இந்த நெருக்கத்தில் தலையை நகர்த்துவது ஒரு ஸ்டெப்பர் மோட்டார். ஒரு துடிப்புக் கொடுத்தால் ஒரு படி திரும்பும். கரண்ட் வந்ததும் தலை பின்னோக்கிப் போய் பூச்சியத் தடத்தைத் தொடும். அது வந்துவிட்டது என்று சொல்ல மட்டும் ஒரு உணரி உண்டு. அதன்பின் எல்லாம் எண்ணிக்கைதான். 300ஆம் தடம் வேண்டுமென்றால் 300 துடிப்பு. போய் நின்ற இடத்தில் தடம் உண்மையில் இருக்கிறதா, கொஞ்சம் இடப்பக்கமா வலப்பக்கமா என்று தலை பார்ப்பதே இல்லை. இருட்டில் படி எண்ணி ஏறுகிற ஆள் மாதிரி. படி எல்லாம் கட்டியபோது இருந்த இடத்தில் இருக்கும்வரை கஷ்டமில்லை.

தட்டு அலுமினியம். ஒரு பாகை வெப்பம் கூடினால் மீட்டருக்கு 23 மைக்ரோன் நீளும். மழைக்காலக் காலையில் அறை 24 பாகை. ஒரு மணித்தியாலம் ஓடியபின் பெட்டிக்குள் 40ஐத் தொடலாம். 15 பாகை வித்தியாசம் என்றே வைப்போம். மையத்திலிருந்து 50 மில்லிமீட்டர் தள்ளியுள்ள ஒரு தடம் ஏறத்தாழ 17 மைக்ரோன் வெளியே நகரும். தடங்களின் இடைவெளியில் மூன்றில் ஒன்றுக்கும் மேல்! தலையைத் தாங்கும் கையும் நீளும், அதனால் ஓரளவு சரிக்கட்டும். ஆனால் இரண்டும் ஒரே வேகத்தில் சூடாவதில்லை, ஒரே உலோகமும் இல்லை. இதோடு முப்பது வருடத் தேய்மானத்தில் மோட்டாரும் கையும் சற்று விலகியிருக்கும். இந்த இரண்டு விலகலும் காலையில் ஒரே பக்கம் சேர்ந்தால் தலை தடத்தின் ஓரத்தைத்தான் தடவும். சூடேறினால் ஒன்று குறைந்து, தலை மறுபடி தடத்துக்கு மேல் வரும். ரீட்ரை சில நேரம் பலிப்பதற்கும் காரணம் உண்டு: வன்தட்டை இயக்கும் கட்டுப்பாட்டு அட்டை தலையைப் பூச்சியம் வரை பின்னே இழுத்து மறுபடி எண்ணி வரச் செய்யும். ஒவ்வொரு முறையும் அது சரியாக அதே இடத்தில் நிற்பதில்லை.

பின்னாளில் வந்த வன்தட்டுகளுக்கு இந்த நோய் இல்லை. ஒலிபெருக்கியில் உள்ளது போன்ற சுருளால் நகரும் தலை, தட்டிலேயே எழுதிவைத்த வழிகாட்டிக் குறிகளை வாசித்துத் தன் இடத்தை ஓடும்போதே திருத்திக்கொள்ளும்.

மருந்து, லோ-லெவல் ஃபார்மட். அதாவது தலை இப்போது எங்கே நிற்கிறதோ அங்கேயே தடங்களைப் புதிதாக வரைவது. தட்டில் உள்ள எல்லாம் அழியும். அதனால் முதலில் கணக்கைக் காப்பாற்ற வேண்டும். பதினொரு மணி வரை ஓடவிட்டு, சீரியல் கேபிளால் என் மடிக்கணினியோடு இணைத்தேன். 9,600 போட் வேகத்தில் விநாடிக்கு ஏறக்குறைய 960 பைட். 3 மெகாபைட்டுக்கு ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைய எடுத்தது. கட்டுப்பாட்டு அட்டையைப் பற்றி ஒரு எச்சரிக்கை: இந்த வகையில் வன்தட்டு அனுப்புவது வெறும் மின் துடிப்புகளைத்தான், அதை எழுத்தாக்குவது அட்டை. ஒரு அட்டை எழுதியதை வேறு வகை அட்டை பெரும்பாலும் வாசிக்காது. அட்டையைத் தொலைத்தவர் தட்டையும் தொலைத்த மாதிரிதான்.

ஃபார்மட்டுக்கு டொஸோடு வரும் டிபக் நிரலில் 'ஜி=சி800:5' என்று கொடுத்தால் பல அட்டைகளில் உள்ளே இருக்கும் ஃபார்மட் நிரல் எழும்பும். தட்டு ஒரு மணித்தியாலம் சூடான பிறகு, கணினிக்குள் எப்படிப் படுத்திருக்குமோ அப்படியே வைத்துத்தான் செய்ய வேண்டும். மூடியில் ஒட்டிய பழுதான தடங்களின் பட்டியலையும் ஒவ்வொன்றாக அடித்துக் கொடுக்க வேண்டும். அப்புறம் அது கேட்கும்: இன்டர்லீவ் எவ்வளவு?

வட்டக்களரியில், அதாவது வட்டமான கூத்து மேடையில், பதினேழு கூத்தர் சுற்றிச் சுற்றி ஆடுகிறார்கள் என்று வையுங்கள். நீங்கள் ஒரே இடத்தில் நின்று, ஒன்றாம் ஆளில் தொடங்கி வரிசைப்படி ஒவ்வொருவருக்கும் மாலை போட வேண்டும். ஒருவருக்குப் போட்டு, அடுத்த மாலையைக் கையில் எடுப்பதற்குள் பக்கத்து ஆள் கடந்துவிடுவார். அவர் திரும்பி வர ஒரு முழுச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் கெட்டிக்காரர் என்றால் இரண்டாம் ஆளை மூன்று இடம் தள்ளி நிறுத்துவார். மாலையை எடுத்து நிமிரும்போது அவர் சரியாக முன்னே வருவார். மூன்று சுற்றில் பதினேழு பேருக்கும் மாலை விழும். இன்டர்லீவ் 3 என்பது இதுதான். 8088இன் வேகத்துக்கு அந்த இடைவெளி தேவை. ஆசையில் நான் முதலில் 2 கொடுத்தேன். விநாடிக்கு 30 கிலோபைட்டுக்கும் கீழே போனது, ஏனென்றால் ஒவ்வொரு செக்டருக்கும் ஒரு சுற்று வீண். மறுபடி அழித்து 3 கொடுத்தேன். கணக்குப்படி 170 வரை வரலாம்.

மிச்சம் சின்ன வேலை. எஃப்டிஸ்க் கட்டளை காணிக்கு எல்லை போடுவது போலத் தட்டைப் பிரிக்கும், ஃபார்மட் கட்டளை உள்ளே கோப்புகளுக்குப் பதிவேடு திறக்கும். நிறுத்தும் முன் பார்க் நிரலை ஓட்டி, தலையைத் தரவில்லாத உள்வட்டத்துக்கு அனுப்ப மறக்கக் கூடாது. கரண்ட் சொல்லாமல் போகிற ஊரில் யூபிஎஸ் இல்லாமல் இதை ஓட்டுவதும் நல்லதல்ல.

கோப்புகளைத் திரும்ப ஏற்றி, மறுநாள் காலை ஆறு மணிக்கு, மழை தூறும்போதே இயக்கினேன். நேரே ஏறியது. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டிபேஸ் என்ற தரவுத்தள நிரலில் 1989ஆம் ஆண்டுக் கணக்கைத் திறக்கச் சொன்னார். பச்சை எழுத்துகளில் ஆங்கிலத்தில் அடித்த பெயர்களை விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போனவர், ஒரு வரியில் நின்றார்.

"இவன் எனக்கு இன்னும் 12 மூடைக் காசு தர இரிக்கி."

"மறுகா?" என்றேன்.

அந்தப் பக்கத்தை அச்சடிக்கச் சொன்னார். பிரிண்டரின் ரிபன் காய்ந்து போயிருந்தது. திரையை ஃபோனில் படம் பிடித்துக் கொடுத்தேன்.