ஒரே ராத்திரில ரெண்டு ஒன்றரை மணி

போன நவம்பர்ல தேவகோட்டை தம்பி ஒருத்தர் பதறிப்போய் போன் பண்ணாரு. "அண்ணே, கஸ்டமருக்கெல்லாம் ரெண்டு தடவை பணம் பிடிச்சிருச்சுண்ணே, நான் ப்ரோகிராமை தொடவே இல்லண்ணே." வீட்டுல இருந்தே நியூயார்க் பக்கத்து சின்ன கம்பெனி ஒண்ணுக்கு சர்வர் பாக்குறவரு. லாகை (log, சர்வர் என்ன செஞ்சதுங்கிற பதிவு) வாங்கிப் பாத்தா 01:30க்கு பில்லிங் ஓடிருக்கு, அடுத்த வரிலயே மறுபடியும் 01:30. நமக்கு ஞாயித்துக்கிழமை காலைல 11 மணி, அப்புறம் 12 மணி. வருஷா வருஷம் இதே கதைதான், அலுத்துப்போச்சு.

அமெரிக்கால பெரும்பாலான இடத்துல நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலை 2 மணி ஆனதும் கடிகாரத்தை 1க்கு திருப்பி வைப்பாங்க. மார்ச் ரெண்டாவது ஞாயிறு 2 ஆனதும் நேரா 3. இதுக்குப் பேருதான் டேலைட் சேவிங். அன்னிக்கு 02:30ன்னு ஒரு நேரமே கிடையாது, அந்த நேரத்துக்கு வச்ச பேக்கப் சத்தமில்லாம ஓடாமலே போயிரலாம்.

"நம்ம நாட்டுலதான் டேலைட் சேவிங்கே இல்லையேண்ணே, நமக்கென்ன?" இதைக் கேட்டாத்தான் எனக்கு கோவம் வருது. நீங்க காரைக்குடில உக்காந்திருக்கலாம், மெஷின் எந்த டைம்ஸோன்ல இருக்குங்கிறதுதான் கணக்கு, நம்ம ஊருக்காரங்க கொண்டுவிக்கப் போன பர்மா, மலேசியா, சிங்கப்பூர்ல எல்லாம் இப்ப இந்தப் பழக்கம் கிடையாது அதனால வீட்டுல யாரும் இதைப் பத்தி பேசிக் கேட்டிருக்க மாட்டீங்க, அது புரியுது, ஆனா இன்னிக்கு நம்ம பசங்க வேலை பாக்குறது நியூயார்க்குக்கும் லண்டனுக்கும். நியூயார்க்னா பத்தரை மணி நேரம் கழிச்சா போதும்னு ப்ரோகிராம்லயே எழுதி வைக்கிறீங்களே, கோடைல அது ஒம்பதரை! லண்டன் மாறுறது மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும், அதனால வருஷத்துல சில வாரம் ரெண்டு ஊருக்கும் நடுவுல இருக்குற அஞ்சு மணி நேர வித்தியாசம் நாலாயிரும்.

தம்பி எழுதினது நிமிஷத்துக்கு ஒரு தடவை மணி பாத்து "01:30 ஆச்சா"ன்னு கேக்குற ஸ்கிரிப்ட். லினக்ஸ்ல வர்ற சில க்ரான்கள் (cron, சொன்ன நேரத்துக்கு வேலையை ஓட்டுற ப்ரோகிராம்) இந்த ஒரு மணி நேரத்தை சமாளிச்சுக்கும், எல்லாம் அப்படி இல்ல, அதை நம்பி பணத்தை விடாதீங்க. "லாக் ஃபைல் போட்டிருக்கேன்"னும் சொன்னாரு, இது பதிவு இல்ல, பூட்டு (lock), ஒண்ணு ஓடிட்டிருக்கும்போது இன்னொண்ணு ஓடாம தடுக்குறது. முதல் ஓட்டம் ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சு லாக் ஃபைலும் போயிருச்சு, அடுத்தது வந்தது ஒரு மணி நேரம் கழிச்சு, அது எதைத் தடுக்கும்?

சர்வர் கடிகாரத்தை யூடிசில (UTC, வருஷம் பூரா மாறாத உலகப் பொது நேரம்) வைங்க. அந்த ஊர் நேரத்துக்குத்தான் ஓடணும்னா ராத்திரி 1லேர்ந்து 3 வரைக்கும் எந்த ஜாபும் வேண்டாம், 4 மணிக்கு தள்ளுங்க. டைம்ஸோனை ஈஎஸ்டின்னு (EST, நியூயார்க்கோட குளிர்கால நேரம்) போடாதீங்க, அது வருஷம் பூரா நகராது, ஊர் பேரையே குடுங்க. மெக்ஸிகோ 2022ல பெரும்பாலான இடத்துல இந்த வழக்கத்தையே எடுத்துட்டாங்க, அதனால எந்த ஊர்ல எப்ப கடிகாரம் மாறும்னு வச்சிருக்குற டைம்ஸோன் பேக்கேஜையும் அப்டேட் பண்ணுங்க.

பில்லிங் ஜாபுக்கு மட்டும் கெஞ்சிக் கேக்குறேன், பணம் பிடிக்கறதுக்கு முன்னாடி "இந்த கஸ்டமருக்கு இந்த மாசம் பதிஞ்சாச்சா"ன்னு டேபிள்ல பாத்துட்டு பிடிங்க. ஒரே வரவை பேரேட்டுல ரெண்டு தடவை ஏத்தினா கணக்கப்பிள்ளை ஐந்தொகை எடுக்கும்போது பிடிச்சிருவாரு, இங்க பாக்க ஆளில்ல. தம்பிக்கு ரீஃபண்ட் போட்டு முடிக்கவே நாலு நாள் ஆச்சு, அதுல ஒரு கஸ்டமர் போயே போயிட்டாரு.

நியூயார்க் சர்வர் பாக்குறவங்க நவம்பர் முதல் ஞாயிறு காலைல 10:30லேர்ந்து மத்தியானம் 1 மணி வரைக்கும் லாகை திறந்து வச்சு உக்காருங்க. சந்தேகம்னா சனிக்கிழமையே கூப்பிடுங்கப்பா.