போன தடவை ஒன்றும் ஆகவில்லையே

விமானப் பராமரிப்பில் இருக்கும் எனக்கு லாக் புக்கில் பிடிக்காத வரி ஒன்று உண்டு: "ஏற்கெனவே பார்த்ததுதான், வரம்புக்குள் இருக்கிறது." வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் ஒரு ஹைட்ராலிக் கசிவுக்கு அப்படித்தான் எழுதினேன். பழைய பதிவுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த சீனியர், "ஒவ்வொரு தடவையும் வரம்புக்குள்தான் இருக்கு. ஆனா ஏறிட்டே வருதே, கவனிச்சியா?" என்றார். கவனிக்கவில்லை.

புதிதாக வரும் பையன்களுக்கு நான் கொலம்பியா விண்ணோடத்தின் கதையைச் சொல்வது அதனால்தான். கல்பனா சாவ்லா இறந்த விபத்து என்றால் எல்லோருக்கும் தெரியும். காரணம் கேட்டால், "இறங்கும்போது வெடித்துவிட்டது" என்பார்கள். உண்மையில் பழுது நேர்ந்தது கிளம்பும்போதே. 2003 ஜனவரி 16 அன்று, புறப்பட்ட 82 வினாடிக்குள், எரிபொருள் தொட்டியின் மேலிருந்த காப்பு நுரை முக்கால் கிலோ அளவுக்குப் பெயர்ந்து இடது இறக்கையின் முன்விளிம்பில் அடித்தது. பதினாறு நாள் கழித்துத் திரும்பும்போது அந்த ஓட்டை வழியாக நெருப்பாய்க் காய்ந்த காற்று உள்ளே புகுந்தது. ஏழு பேரும் இறந்தார்கள்.

நுரை விழுவது புதிதல்ல. படங்கள் கிடைத்த 79 பயணங்களில் 80 சதவீதத்துக்கு மேல் நுரை உதிர்ந்திருந்தது. 2002 அக்டோபரில் அட்லாண்டிஸ் என்ற இன்னொரு ஓடம் கிளம்பியபோது, அதே இடத்து நுரை பெயர்ந்து, தொட்டியின் பக்கவாட்டில் பொருத்தியிருந்த ராக்கெட்டில் அடித்துப் பள்ளமே விழுந்தது. அதற்குப் பிறகும் பயணங்களை நிறுத்தவில்லை. கொலம்பியா மேலே இருக்கும்போது, இறக்கையைப் படமெடுத்துப் பார்க்கலாம் என்று பொறியாளர்கள் கேட்டார்கள், அதுவும் நடக்கவில்லை. விபத்துக்குப் பிறகு, ஜூலையில், அதே மாதிரித் துண்டை அதே வேகத்தில் இறக்கைப் பலகை மேல் சுட்டுப் பார்த்தார்கள். சுமார் 40 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஓட்டை விழுந்தது. மெத்தென்ற நுரை என்ன செய்துவிடும் என்று நினைத்தவர்கள் முன்னாலேயே அது நடந்தது.

1986இல் சேலஞ்சர் விண்ணோடம் வெடித்துப் போனதும் இதே போக்கில்தான். பக்கவாட்டு ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் அரிக்கப்படுவதை முந்தைய பயணங்களிலேயே பார்த்திருந்தார்கள்.

சரி, ஒவ்வொரு ஓடமும் 100 பயணத்துக்கு என்றுதானே வடிவமைத்தார்கள், 39 தடவை பறந்த டிஸ்கவரியை ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. அந்த 100 என்பது வரைபலகையில் போட்ட கணக்கு. வயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஓடத்துக்குள் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வயர் ஓடுகிறது. 1999 ஜூலையில் கொலம்பியா கிளம்பிய ஐந்தாவது வினாடியில், ஒரு திருகாணித் தலையில் உரசித் தேய்ந்த வயர் ஷார்ட் ஆகி, இரண்டு எஞ்சின்களின் கட்டுப்பாட்டுக் கருவிகளில் தலா ஒன்று நின்றுபோனது. அந்த எஞ்சின்களில் மீதமிருந்த கருவிகள் கைகொடுத்ததால் தப்பினார்கள். அப்புறம் எல்லா ஓடங்களையும் நிறுத்தி வயர்களைத் தேடினால், சேதத்தில் பெரும்பகுதி பராமரிப்பு ஆட்களின் கைகால் பட்டு வந்தது. சோதிக்கப் போகிறவனே பழுது உண்டாக்குவது! எங்கள் தொழிலில் யாரும் சத்தமாகச் சொல்லாத உண்மை இது.

கொலம்பியா விசாரணைக் குழு கடைசியில் ஒரு கறாரான நிபந்தனை வைத்தது: 2010ஐத் தாண்டிப் பறக்க வேண்டுமானால், மூலப்பொருளில் தொடங்கி முழு ஓடம் வரை எல்லாவற்றுக்கும் மறுபடி சான்று வாங்க வேண்டும். 2004 ஜனவரியில் அமெரிக்க அரசு, விண்வெளி நிலையத்தைக் கட்டி முடித்ததும் நிறுத்திவிடுகிறோம் என்றது. 2011 ஜூலை 21 அன்று அட்லாண்டிஸ் தரையிறங்கியது. விண்ணோடங்களின் 135ஆவது பயணம் அது, கடைசியும் அதுதான்.

இப்போது ஆட்களை விண்வெளிக்கு ஏற்றிச் செல்லும் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் க்ரூ டிராகன் பெட்டகங்களுக்கு முதலில் கொடுத்த அனுமதி ஐந்து பயணத்துக்குத்தான். 2025 ஆகஸ்டில் எண்டெவர் என்ற பெட்டகம் ஆறாவது முறை பறந்தது. அதில் எனக்குப் பயமில்லை. ஆனால் அந்த ஐந்தை ஆறாக்கிய கோப்பில் என்னென்ன சோதனை முடிவுகள் இருந்தன என்று படித்துப் பார்க்க ஆசை.