ரெக்கார்டரை அணைத்த பிறகு கிடைத்த பதில்

புது மருந்து கண்டுபிடிப்பது என் வேலை இல்லை. இருக்கிற சிகிச்சை நோயாளிக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்கிறதா, சேரவில்லை என்றால் எங்கே தடைபடுகிறது என்று பார்ப்பதுதான் சுகாதார சேவை ஆய்வு. 1966-இல் டோனபீடியன் என்ற மருத்துவர் சிகிச்சையின் தரத்தை மூன்று கோணத்தில் பார்க்கச் சொன்னார்: என்ன வசதி இருக்கிறது, என்ன செய்கிறார்கள், நோயாளிக்கு என்ன ஆகிறது. இன்றும் பல ஆய்வுகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

புதிதில் ஒரு சர்க்கரை நோய்ப் பிரிவில் ஆய்வு செய்தேன். கேள்வித்தாளில் பெரும்பாலானோர் ‘திருப்தி’ என்று டிக் அடித்திருந்தார்கள். பதிவேட்டைப் புரட்டினால் அடுத்த தவணைக்கு வராதவர்கள் ஏராளம். திருப்தியானவர்கள் ஏன் வரவில்லை? வராதவர்களைத் தேடிப் போனேன். ஒரு பெரியவர் அரை மணி நேரம் மருத்துவமனையைப் புகழ்ந்தார். ரெக்கார்டரை அணைத்ததும்தான் வாய் திறந்தார்: “சர்க்கரை ஏறியிருந்தா திட்டுவாங்க. ஏறியிருக்குன்னு எனக்கே தெரியும். அப்புறம் எதுக்குப் போகணும்?”

அதை ஆய்வில் சேர்க்கலாமா என்று கேட்டு மறுபடி அனுமதி வாங்கினேன். ஆர்வத்தில் பலர் விட்டுவிடும் இடம் இது. ஆனால் ஒருவர் சொன்னதை வைத்து ‘எல்லோரும் பயப்படுகிறார்கள்’ என்று எழுத முடியாது. அடுத்த சுற்றுக் கேள்வித்தாளில் அதையே ஒரு கேள்வியாக்கி நிறையப் பேரிடம் கேட்டோம். இந்த முறை தாளைக் கொடுத்தது அந்தப் பிரிவின் செவிலியர் இல்லை. முதல் சுற்றில் அவர்தான் பக்கத்திலேயே நின்று வாங்கியிருக்கிறார்; அவர் முன்னால் யார் குறை சொல்வார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இப்படிக் கேள்வித்தாளின் எண்களும் பேட்டியின் பேச்சும் ஒன்றையொன்று கேள்வி கேட்பதுதான் கலப்பு முறை. நடைமுறையில் நான் அதிகம் பார்ப்பது வேறு. முதல் பாதியில் அட்டவணைகள், பின் பாதியில் நெகிழ வைக்கும் பேட்டி வரிகள், நடுவே ஒரு பாலமும் இருக்காது. 2008-இல் வெளிவந்த ‘கிராம்ஸ்’ என்ற, கலப்பு முறை ஆய்வை எழுதுவதற்கான ஆறு அம்ச வழிகாட்டி, இரண்டையும் எங்கே, எப்படி இணைத்தீர்கள் என்று நேராகவே கேட்கிறது. இரண்டும் முரண்பட்டால் பயந்து ஒன்றை மறைக்காதீர்கள். விஷயமே அங்கேதான் இருக்கும். இருபது பேரிடம் பேசிவிட்டு சதவீதம் போடாதீர்கள்.

இந்தத் துறைக்கு வர நினைப்பவர்களுக்கு இன்னொன்று. புள்ளியியல்காரர்கள் உங்களைக் கதை சொல்பவராகப் பார்ப்பார்கள், மானுடவியல்காரர்கள் எண்ணுபவராகப் பார்ப்பார்கள். பழகிவிடும். வேலையோ பெரும்பாலும் நிதி இருக்கும் வரைதான். ஒரு மணி நேரப் பேட்டியைக் கேட்டு எழுத நான்கு மணி நேரமாவது ஆகும். மென்பொருள் எழுதித் தந்தாலும் ஒருமுறை முழுக்கக் கேட்டுத் திருத்தத்தான் வேண்டும். அடுத்தவர் வலியை நாள் முழுக்கக் காதில் வாங்குவதும் சும்மா இல்லை, பேச ஒரு ஆள் வேண்டும்.

சேரும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இரண்டு தரவையும் இணைக்க எத்தனை மாதம் ஒதுக்கியிருக்கிறீர்கள்? ‘அதெல்லாம் கடைசி வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று பதில் வந்தால் சரி, உங்களுக்கு அங்கே இரண்டு அறிக்கைகளைச் சேர்த்துப் பின் அடிக்கும் வேலைதான்.